‘தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பீஸ்’: ராமநாதபுரம் பக்கம் படித்தவர்கள் சொல்லுங்கள்

ராமநாதபுரம்:
சூ மங்க் கிட் எழுதிய இந்த நாவலை எங்கள் வாசிப்பு வட்டத்தில் எடுத்தோம். படிக்காதவர்களுக்காக: 1964, அமெரிக்காவின் தெற்குக் கரோலினா. லில்லிக்குப் பதினாலு வயது, வெள்ளைக்காரப் பிள்ளை. நாலு வயதில் தன் கைபட்டுத் துப்பாக்கி வெடித்துத்தான் அம்மா செத்தாள் என்று நம்பி வளர்கிறாள். அப்பனோ, சோளக் குருணையைத் தரையில் கொட்டி அதன்மேல் முழங்கால் போடச் சொல்கிற ஆள். தன்னை வளர்த்த கறுப்பினப் பெண் ரோசலீனோடு ஓடிப்போய், தேனீ வளர்க்கும் மூன்று கறுப்பினச் சகோதரிகள் வீட்டில் தஞ்சமடைகிறாள். யார் யாரை மன்னிப்பது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. உங்களுக்கு எப்படி?

கீழக்கரை:
நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். அதனால் எனக்கு ஒரே ஒரு இடம்தான் நாவல். அம்மா தன்னை விட்டுவிட்டுப் போனது உண்மைதான் என்று தெரிந்த ராத்திரி, தேன் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் அடிப்பாள் லில்லி. போனில் உம்மாவிடம் கதையைச் சொன்னேன். “அந்தப் பொம்பள புள்ளயக் கூட்டிட்டுப் போகத் திரும்பி வந்தால்ல, அது போதாதா?” என்றார். போதாது என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. சொல்லவில்லை. பேச்சு பெருநாள் துணிக்குப் போய்விட்டது.

மண்டபம் முகாம்:
எல்லாரும் லில்லியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இது ரோசலீன் கதை. கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தந்த சிவில் உரிமைகள் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டது 1964 ஜூலை 2. டிவியில் அதைப் பார்த்த ரோசலீன், தன் பேரைத் தாளில் திரும்பத் திரும்ப எழுதிப் பழகி, வாக்காளர் பட்டியலில் பதிய நடந்தே கிளம்புகிறாள். வழியில் மூன்று வெள்ளையர்கள் வம்புக்கு இழுக்க, பொடி போட்டுத் துப்பி வைத்திருந்த எச்சிலை அவர்கள் ஷூவில் ஊற்றிவிடுகிறாள். அடி, போலீஸ், லாக்கப்.

நான் பிறந்ததும் படித்ததும் இந்த மாவட்டத்தில். ஆனால் இலங்கைத் தமிழ் அகதிக் குடும்பம், அதனால் ஓட்டு இல்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப் பின்னால் என்றால் அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். இதே மண்டபம் முகாமில் 1986இல் பிறந்து, பிறகு திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்த அக்கா ஒருவர் கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அவர் படம் வந்த அன்று இங்கே எல்லார் போனிலும் அதுதான்.

நாவலில் அந்த மூன்று பேரும் ரோசலீனிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசியில் ஒரே கேள்விதான்: “அவள் பேரப் பதிஞ்சிட்டாளோ? பிறகென்ன, விடு.”

பாம்பன், சின்னப்பாலம்:
நான் 2008இல் வந்த படம்தான் பார்த்தேன், குயின் லத்தீஃபா நடித்தது. அம்மா கடல்பாசி எடுப்பவர். விரலில் துணி சுற்றியிருந்தும் பாறை கிழித்துவிடும், அந்தக் கையோடுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேன் பெட்டிகளைக் காட்டும்போது, “இவுகளுக்குச் சொந்த எடம், சொந்தப் பெட்டி. உள்ள வராதன்னு யாரும் வெரட்டல பாரு” என்றார். வனத்துறை விரட்டுகிற தீவுப் பக்கம் பாசிக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்குத்தான் தெரியும். மன்னிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதை நடப்பது 64இல் என்றதும் அப்பத்தா மட்டும் எழுந்து உட்கார்ந்து, “அங்கயும் கடல் ஏறுச்சா?” என்று கேட்டது. தனுஷ்கோடி புயலைப் பார்த்தவர்களுக்கு அந்த வருசம் என்றால் அது ஒன்றுதான்.

தொண்டி:
புத்தகம் பிடித்தது, ஆனால் ஒரு வருத்தம். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரு வெள்ளைப் பிள்ளையைத் தேற்றுவதற்கென்றே இருக்கிறார்கள். சகோதரிகளில் ஜூன் என்கிற ஒருத்திதான் ஆரம்பத்தில் முறைக்கிறாள், அதனாலேயே அவளைப் பிடித்தது.

என் அம்மா ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். கொல்லைப்புறமாகத்தான் போக வேண்டும், டம்ளர் தனி. அந்த வீட்டுப் பெண் படித்து வெளியூரில் வேலைக்குப் போன பிறகு, ஒருநாள் எங்கள் வீடு தேடி வந்தது. அதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு ஓவென்று அழுதது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, டீ போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தார். “மன்னிப்புக் கேக்க வந்தவள நான்ல தேத்த வேண்டியதாப் போச்சு” என்றார். கோபமெல்லாம் இல்லை, அலுப்பு. மூத்த சகோதரி ஆகஸ்டுக்கு நாவல் முழுக்க அதே வேலைதான்.

ராமநாதபுரம்:
முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. லில்லியின் அம்மாவைச் சின்ன வயதில் பார்த்துக்கொண்டவளே ஆகஸ்ட்தான். அம்மாமேல் பாசம் இருந்ததா என்று லில்லி கேட்கும்போது, லேசாக ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாள். அது சிக்கலானது என்பாள். அந்த இடத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

தொண்டி:
பார்த்தேன் அக்கா. நல்ல இடம்தான். ஆனால் எவ்வளவு நேரம் வருகிறது அது? அதற்குள் மறுபடி லில்லியின் அழுகை வந்துவிடுகிறதே.