த ஹைவ்ஸ்: எண்ணி வச்ச மேடையும் பங்க்தானா?

மூணுகார்டு:
சுவீடன்ல ஃபாகெர்ஸ்டாங்கிற எஃகு ஊர்ல 1993ல தொடங்கின த ஹைவ்ஸ் பேண்ட்தான் இன்னிக்கு பங்க்ங்கிற முரட்டு ராக் மேடையோட உச்சம்னு இங்க பலரும் எழுதறீங்க. எனக்கு உடன்பாடில்லை. அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி கறுப்பு வெள்ளை சூட். பாட்டு நடுவுல அஞ்சு பேரும் சிலையா நிப்பாங்க. ‘டிக் டிக் பூம்’ பாட்டு வந்தா கூட்டத்தை உட்கார வச்சு எழுப்புவாங்க. ஊர் மாறினாலும் இதெல்லாம் மாறாது. அமெரிக்க பங்க் பேண்ட் ஃபுகாஸி 1987லேர்ந்து 2002 வரைக்கும் பாட்டுப் பட்டியலே இல்லாம மேடை ஏறினாங்க. அடுத்து என்னன்னு கேக்கறவனுக்கு மட்டுமில்ல, வாசிக்கறவனுக்கும் முன்கூட்டித் தெரியாது. பங்க்னா அதுதான்.

கேபிள்சுருள்:
உடையை வச்சு கழிக்காதீங்க. 1974ல ரமோன்ஸ் பேண்ட் தொடங்கினப்பவே தோல் ஜாக்கெட், கிழிஞ்ச ஜீன்ஸ்னு சீருடை வந்தாச்சு. செக்ஸ் பிஸ்டல்ஸ் பேண்ட் போட்டதுல பெரும்பகுதி லண்டன் கிங்ஸ் ரோட்ல விவியன் வெஸ்ட்வுட், மால்கம் மெக்லாரன் நடத்தின கடைத் துணி. த டாம்ன்ட் பேண்டோட பாடகர் டேவ் வேனியன் ரத்தக்காட்டேரி ஒப்பனையில வருவார்.

அந்தச் சிலை விஷயம் பார்க்க எளிசு, செய்யப் போனாதான் தெரியும். எல்லாரும் ஒரே அடியில நிக்கணும். டிரம்ஸோட உலோகத் தட்டான கிராஷ் சிம்பலை விட்டா பல விநாடி ரீங்காரம் போகும், அதனால டிரம்மர் அடிச்ச உடனே கையால பிடிச்சு அடக்கணும். கெயின் (பெருக்க அளவு) ஏத்தின ஆம்ப் (கிதார் ஒலிபெருக்கி) முன்னாடி கிதாரை சும்மா விட்டா தந்தி தானா அதிர்ந்து ஊளையிடும். அதனால எந்தக் கோலத்துல உறைஞ்சாலும் ஒரு உள்ளங்கை தந்திமேல படிஞ்சிருக்கணும். ரெண்டு கையையும் தூக்கினா காரியம் கெட்டுது. ஒரு அளவுக்குக் கீழ உள்ள சத்தத்தை அடைக்கற நாய்ஸ் கேட் போட்டுத் தப்பிக்கலாம்னு நினைச்சா, அளவை ஏத்தி வச்சா பாட்டு ஓடும்போதே சுரத்தோட வாலை வெட்டும், இறக்கி வச்சா ஆம்ப் முனகல் உள்ள வந்துடும்.

மறுபடி தொடங்கறது இன்னும் கஷ்டம். சிலை தலையாட்டி சைகை காட்ட முடியாதே. யார் தொடங்கறதுன்னு ஒருத்தரை முன்னாடியே முடிவு பண்ணிக்கணும். டிரம்மர்னா நாலு குச்சித் தட்டுல எல்லாரும் சேர்ந்து விழலாம். கிதார்காரர் தொடங்கினா மத்தவங்க அரை அடி பிந்துவாங்க, அத்தோட மொத்த வேகமும் போச்சு.

மூணுகார்டு:
உழைப்பு இல்லைன்னு நான் சொல்லலையே. சர்க்கஸ்லயும் உழைப்பு இருக்கு. ஆபத்து எங்க இருக்கு? தப்பு நடக்க இடமே விடாத மேடையில பங்க்குக்கு என்ன வேலை?

கேபிள்சுருள்:
ஹைவ்ஸ் பாடகர் பெல்லெ ஆல்ம்க்விஸ்ட் கையில இருக்கிற மைக்கைப் பாருங்க. கம்பி மைக். அதைத்தான் சுழற்றி வீசிப் பிடிக்கறார், அதோடவே கூட்டத்துக்குள்ள இறங்கறார். ஷூர் எஸ்எம்58 மாதிரி மைக் தனியாவே 298 கிராம். மூணு மீட்டர் கேபிள் முனையில சுத்தினா அது சுத்தியல். எடை மொத்தமும் இழுக்கறது மைக்ல செருகற எக்ஸ்எல்ஆர் முனையோட சின்னக் கொக்கியை. அது நழுவினா மைக் முன்வரிசைக்காரர் நெத்தியில. அதனாலதான் மைக் அடிப்பகுதியையும் கேபிளையும் சேர்த்து கேஃபர் டேப்பால (மேடையில பயன்படற துணி ஒட்டுநாடா) இறுக்கிச் சுத்தறது. த ஹூ பேண்டோட பாடகர் ரோஜர் டால்ட்ரி காலத்து வழக்கம் அது.

கூட்டத்துல இறங்கும்போது வேற பிரச்சினை. கூட்டத்துக்குக் கேக்க வைக்கற பிஏ ஸ்பீக்கருக்கு முன்னாடி மைக் போனா ஊளை கிளம்பும், ஒலிமேசையில இருக்கறவர் அந்த நிமிஷமே அளவை இறக்கணும். மைக் தலையைக் கையால மூடிப் பாடினா இன்னும் மோசம், பின்பக்கச் சத்தத்தை ஒதுக்கற குணமே போயிடும். கேபிளை யாராவது விட்டுக் கொடுத்து, திரும்பி வரும்போது சுருட்டிக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா கிதார்காரர் கால் சிக்கும். நிஞ்ஜா உடையில ஆளுங்க மேடையில ஓடறதை வெறும் வேடிக்கைன்னு நினைச்சீங்களா? கறுப்பு உடை பார்வையிலேர்ந்து ஒதுங்க உதவற பழைய மேடை உத்தி.

முன்வரிசை:
ரெண்டு பேரும் கூட்டத்தை உட்கார வைக்கறதுல இருக்கற ஆபத்தைத் தொடவே இல்லை. எனக்கு அதுலதான் கவலை. நிக்கறவரை விட உட்கார்றவருக்கு தரை அதிகம் வேணும். நெருக்கமான முன்பகுதியில பாதிப் பேர் குந்தத்தான் முடியும். பின்னாடி இருக்கறவங்க எட்டிப் பார்க்க முன்னாடி சாய்ஞ்சா, குந்தினவர் எழ முடியாது. பீர் கொட்டின தரைன்னா வழுக்கும். 2000 ஜூன் 30ல டென்மார்க் ரோஸ்கில்டே விழாவுல, பேர்ல் ஜாம் பேண்ட் வாசிச்சப்ப, கூட்டம் விழுந்து 9 பேர் செத்தாங்க. பாடகர் பின்னாடி போங்கன்னு கெஞ்சியும் தடுக்க முடியலை. இங்க யாரையாவது பார்த்து இதைச் செய்ய நினைக்கிற பேண்ட் இருந்தா, முதல்ல பின்வரிசையை ரெண்டடி பின்வாங்கச் சொல்லணும், அப்புறம் உட்காரச் சொல்லணும். எழுப்பறதுக்கு முன்னாடி எல்லாரும் தயாரான்னு பார்த்துட்டுத்தான் எண்ணணும்.

மூணுகார்டு:
இது என் பக்கத்துக்குத்தானே வலு? கூட்டம் அலைமோதினா ஃபுகாஸி பாட்டை நிறுத்தி, அடிச்சவரைப் பேர் சொல்லாம கூப்பிட்டுக் கண்டிப்பாங்க. பட்டியல் இல்லாததால நிறுத்தறதும் சுலபம்.

கேபிள்சுருள்:
நிறுத்தற இடத்துல நாம ஒத்துப்போறோம். ஆனா அஞ்சு பேர் ஒரே அடியில நிக்கப் பழகின பேண்டுக்குத்தான் கூட்டத்துல யாராவது விழுந்தா அடுத்த அடியிலயே பாட்டை அறுக்க முடியும். பழகாதவங்களுக்குப் பாடகர் கையைத் தூக்கினப்புறமும் டிரம்ஸ் நாலு பார் (தாளச் சுற்று) ஓடிக்கிட்டிருக்கும்.

மூணுகார்டு:
அதை மறுக்கலை. கம்பி மைக்கையும் ஒத்துக்கறேன். சிலையை மட்டும் ஒரு ராத்திரி விட்டுட்டு வாசிக்கட்டும், அப்புறம் பேசறேன்.