சி மொழியில் டைரக்டரியைக் கண்டுபிடிக்க: டி_டைப் போதுமா, ஸ்டாட் வேண்டுமா?

கணுஎண்:
லினக்ஸில் டைரக்டரி மரம் முழுக்க இறங்கும் நிரலில் ஒவ்வொரு பெயருக்கும் ஸ்டாட் (கோப்பின் விவரம் கேட்கும் அழைப்பு) எதற்கு? டைரக்டரியில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் ரீட்டிர் தரும் கட்டமைப்பிலேயே வகையைச் சொல்லும் டி_டைப் எண் வந்துவிடுகிறது. 4 டைரக்டரி, 8 சாதாரணக் கோப்பு, 10 சிம்லிங்க் (வேறொரு பாதையைக் காட்டும் இணைப்பு). லட்சம் பெயர் இருந்தால் லட்சம் சிஸ்டம் கால் (கர்னலுக்கான அழைப்பு) மிச்சம். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்பு முறைமை) என்றால் ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் சர்வர் வரை போய்வர வேண்டியிருக்கும்.

உமிக்கரி:
0-ஐ விட்டுவிட்டீர்களே. அதுதான் டிடி_அன்னோன், "வகை தெரியாது". டைரக்டரியில் வகையைப் பதியாதபடி எஃப்டைப்=0 என்று உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் எல்லாப் பெயருக்கும் அதுதான் வரும். சென்ட்ஓஎஸ் 7-இன் தொடக்க வெளியீடுகளை நிறுவிய சர்வர்களில் இது சகஜம். 4 இல்லையென்றால் கோப்பு என்று எழுதிய பேக்கப் நிரல் அங்கே என்ன செய்யும்? டைரக்டரியை எஃப்ஓபன் "ஆர்" (படிக்கும்) முறையில் திறக்கும், லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில் அது வெற்றிபெறும். படிக்கும்போதுதான் ஈஐஎஸ்டிஐஆர் (இது டைரக்டரி) பிழை வரும். அந்தப் பிழையைப் பார்க்காவிட்டால் 0 பைட் கோப்பு ஒன்று பேக்கப்பில் உட்காரும், உள்ளே இருந்தது எதுவும் வராது.

கணுஎண்:
0 வந்தால் மட்டும் ஸ்டாட் அழைத்தால் தீர்ந்தது. ரீட்டிரின் கையேடான மேன் பக்கமும் 0-ஐக் கையாளச் சொல்கிறது.

உமிக்கரி:
அந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ரீட்டிர் வெறும் பெயரைத் தருகிறது, ஸ்டாட் அதை நிரல் நிற்கும் டைரக்டரியில் தேடுகிறது. ஈஎன்ஓஈஎன்டி (அப்படி ஒன்று இல்லை) பிழை வரும். திரும்பிய -1-ஐச் சோதிக்காமல், வகை இருக்கும் எஸ்டி_மோடைப் படித்தால் கிடைப்பது நினைவகக் குப்பை. டைரக்டரியின் எஃப்டியோடு (திறந்ததற்குக் கர்னல் தரும் எண்) எஃப்ஸ்டாட்அட் அழையுங்கள், அந்த டைரக்டரிக்குள்ளேயே தேடும்; சிம்லிங்க்கைப் பின்தொடராதிருக்க ஏடி_சிம்லிங்க்_நோஃபாலோ கொடியும் சேர்த்து. அந்தக் கொடி இல்லாவிட்டால் தாய் டைரக்டரியைக் காட்டும் சிம்லிங்க் ஒன்றே போதும், நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எண்மக்காரன்:
எஸ்டி_மோடை, டைரக்டரிக்கான மாறிலி எஸ்_இஃப்டிர் உடன் நேரடியாக & (பிட் ஒப்பீடு) போடுவதையும் நிறுத்துங்கள். டைரக்டரி எண்ம (ஆக்டல்) முறையில் 0040000. பிளாக் சாதனம் 0060000, சாக்கெட் 0140000. இரண்டிலும் அதே பிட் இருப்பதால் இரண்டும் டைரக்டரி ஆகிவிடும். முதலில் வகை பிட்களை மட்டும் பிரிக்கும் 0170000 முகமூடி, பிறகு சமமா என்ற சோதனை. எஸ்_இஸ்டிர் மேக்ரோ செய்வது அதைத்தான்.

ஆனால் உங்கள் இருவர் வழியிலும் ஓட்டை ஒன்று இருக்கிறது. வகை பார்த்த கணத்துக்கும் திறக்கும் கணத்துக்கும் நடுவே யாராவது டைரக்டரியை எடுத்துவிட்டு சிம்லிங்க்கை வைக்கலாம். ரூட்டாக (முழு நிர்வாக உரிமையோடு) ஓடும் அழிப்பு நிரல் என்றால் அது சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் /இடிசி-க்குள்ளேயே போய் அழிக்கும். ஓ_டைரக்டரி (டைரக்டரி மட்டும்), ஓ_நோஃபாலோ (சிம்லிங்க் வேண்டாம்) கொடிகள் இரண்டையும் போட்டு ஓபன்அட் செய்யுங்கள். டைரக்டரி இல்லையென்றால் கர்னலே மறுத்துவிடும். திறந்த எஃப்டியை, பெயர்களைப் படிக்க எஃப்டிஓபன்டிருக்குக் கொடுங்கள்.

கணுஎண்:
அழிப்பு நிரலுக்கு அது கட்டாயம், சரி. ஆனால் லட்சம் கோப்பையும் திறந்து பார்ப்பது ஸ்டாட்டை விட மோசம். டி_டைப் 4 அல்லது 0 என்றால் மட்டும் ஓபன்அட், மற்றதைத் தொடவே வேண்டாம். 0-க்கு ஈஎன்ஓடிடிஐஆர் வந்தால் அது டைரக்டரி இல்லை என்று தெரிந்துவிடும். ஸ்டாட் எங்கும் தேவைப்படவில்லை.

உமிக்கரி:
இந்த வரிசையை ஏற்கிறேன், ஆனால் ஈஏசிசிஈஎஸ்ஸையும் அதே கிளையில் போடாதீர்கள். அது அனுமதி இல்லாத டைரக்டரியாக இருக்கலாம், பயனருக்குச் சொல்லியே ஆக வேண்டும். ரிகர்ஷனில் (செயற்கூறு தன்னையே அழைக்கும்போது) ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு எஃப்டி திறந்தே இருக்கும். வழக்கமான வரம்பு 1024, அதைத் தாண்டினால் ஈஎம்எஃப்ஐஎல்ஈ. அதையும் தனியாகப் பிடியுங்கள்.