பூட்டு திறக்கும் பிக் கருவிகளை நாமே செய்வது: பலரின் அனுபவப் பகிர்வு

கோவை, டூல் ரூம் வேலை

பிக் என்பது சாவி இல்லாமல் பூட்டைத் திறக்க உள்ளே விடுகிற மெல்லிய எஃகுக் கருவி. அதைச் செய்ய ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது முனையைப் பற்றித்தான். ஹூக் எவ்வளவு தூக்கலாக இருக்க வேண்டும், நெளிநெளியான ரேக் நல்லதா, அரை டைமண்ட் நல்லதா என்று. அதெல்லாம் அப்புறம். பூட்டு திறப்பதும் திறக்காததும் டென்ஷன் ரெஞ்சில், அதாவது பூட்டின் உருளையைத் திருப்பிப் பிடிக்கிற வளைந்த பட்டையில்தான் இருக்கிறது, ஆனால் அதை யாரும் சீந்துவதே இல்லை.

சாவி திருப்புகிற உருளையை மறித்து நிற்கும் சின்ன உலோகக் குச்சிகள்தான் பின்கள். ஐந்து பின் உள்ள பித்தளைப் பூட்டில் அவை நிற்கும் ஐந்து துளைகளையும் அச்சுப் பிசகாமல் ஒரே கோட்டில் போட முடியாது. மயிரிழையாவது விலகும். உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் அந்த விலகலால் ஏதோ ஒரு பின் மட்டும் இறுகும், மற்றவை ஆடும். இறுகியதைத் தூக்கினால் ஒரு சின்ன 'டிக்', உருளை துளி நகரும், அடுத்தது இறுகும். லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை வாங்கிய பூட்டின் வம்சத்தில் வந்த எல்லாவற்றுக்கும் இந்தப் பலவீனம் உண்டு. அந்தத் துளி நகர்வு தெரிவது பிக் பிடித்த கையில் இல்லை, ரெஞ்ச் பிடித்த விரலில். குடைக்கம்பியை வளைத்து ரெஞ்சாக வைத்துக்கொண்டால் கம்பியே வளைந்து அந்த அசைவை விழுங்கிவிடும்.

நான் பயன்படுத்துவது பழைய வைப்பர் பிளேடு. ரப்பரின் இரு பக்கமும் மெல்லிய எஃகுப் பட்டை ஓடும். மெக்கானிக் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். காய்ச்சாமல், பிளையரால் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். மூலையைக் கூராக மடித்தால் விரிசல் விடும். சாவித் துவாரத்தின் அடியில் மாட்டுகிற ரெஞ்ச், பிக் நுழைய வேண்டிய இடத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும். அதனால் பின்கள் இருக்கிற பக்கத்திலேயே, துவாரத்தின் வாயில் மாட்டுகிற மாதிரி ஒன்று செய்தேன். முனையைத் துவாரத்தின் அகலத்துக்கு அரம் போட்டுக் கச்சிதமாக்கியிருக்கிறேன். முதல் பின்னைத் தொடக் கூடாது, வழுக்கவும் கூடாது, இவ்வளவுதான் கணக்கு. பூட்டுக்கு ஒரு ரெஞ்ச் என்று செய்தாலும் தப்பில்லை.

இனி முனைக்கு வருவோம். ஆக்சா பிளேடு 0.63 மி.மீ. தடிமன், நம்மூர்ப் பித்தளைப் பூட்டுகளுக்குப் போதும். முழுக்கக் கடினமான பிளேடு பட்டென்று ஒடியும், பல் மட்டும் கடினமாக இருக்கும் பை-மெட்டல் பிளேடு வாங்குங்கள். பல் இருக்கும் ஓரத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிச்சம் நல்ல ஸ்பிரிங் எஃகு. அதைவிட எனக்குப் பிடித்தது வண்டி இன்ஜினில் டாப்பெட் இடைவெளி அளக்கிற மெல்லிய எஃகுப் பட்டைகள், அதாவது ஃபீலர் கேஜ். ஒரே செட்டில் பல தடிமன் கிடைக்கும், அளவு மேலேயே பொறித்திருக்கும். வரைபடம் தேடி அலைய வேண்டாம். உங்கள் பூட்டின் சாவியையே வெர்னியரில் வைத்து, ஆழமான வெட்டுக்கும் மேடான வெட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஹூக் குறைந்தது அந்த அளவுக்காவது தூக்க வேண்டும், தண்டோடு சேர்த்துத் துவாரத்துக்குள் அடங்கவும் வேண்டும்.

சாணையில் தேய்க்கும்போது கையுறை போடாதீர்கள், கண்ணாடி மட்டும் கட்டாயம். விரல் சுட்ட உடனே தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போச்சு, அந்த முனை ஒரு வாரத்தில் வளைந்துவிடும். அப்புறம் உப்புத்தாள், 400 நம்பரில் தொடங்கி 1000 வரை. இந்த வேலையில் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. ஆனால் பிக்கின் அடிப்பக்கம் சொரசொரவென்று இருந்தால் பித்தளையில் உரசுவதெல்லாம் பின் அசைவதைப் போலவே கையில் தெரியும்.

திண்டுக்கல், பூட்டுப் பட்டறைக் குடும்பம்

அண்ணே, ரெஞ்ச் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் எங்கள் ஊர்ப் பூட்டைக் கையில் கொடுத்தால் உங்கள் ஃபீலர் கேஜ் ஒன்றும் செய்யாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டுகளில் மாங்காய்ப் பூட்டும் அதன் கூட்டாளிகளும் லீவர் பூட்டுகள். உள்ளே தகடு தகடாக லீவர்கள், ஒவ்வொன்றையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் நிற்கும், கூடத் தூக்கினாலும் நிற்கும். லீவர்களில் உள்ள எல்லா வெட்டும் நேருக்கு நேர் வந்தால்தான் தாழ் நகரும். எங்கள் தாத்தா லீவரையும் சாவியையும் ஜோடியாக வைத்து அரம் போட்டுத்தான் பொருத்துவார். பழகிய சாவிக்காரர்கூட அடுத்த பூட்டின் உயரத்தை ஊகிக்க முடியாது.

இதற்கு இரண்டு துண்டுக் கருவி வேண்டும். ஒன்று தடியாக, தாழைத் தள்ளி அழுத்திப் பிடிக்க. மற்றொன்று அதன் பக்கத்தில் சுழன்று லீவரை ஒவ்வொன்றாகத் தூக்க. நான் தூக்குகிற துண்டை சைக்கிள் ஸ்போக்கில் செய்து பார்த்தேன். எங்கள் லீவர் ஸ்பிரிங்குகள் முரடு, ஸ்போக் வளைந்துகொடுத்தது. டிரில் பிட்டின் தண்டைச் சாணையில் இழைத்துச் செய்தது நிற்கிறது. தாழ் துண்டில் அழுத்தம் கூடினால் எல்லா லீவரும் ஒரேயடியாக இறுகி எது எது என்றே தெரியாது. அதனால் பலம் போடாமல் பிடிக்க, பிடியை நீளமாக வைத்திருக்கிறேன்.

தாத்தாவிடம் காட்டினேன். பூட்டைத் திறந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கருவியை வாங்கிப் பார்த்து, "முனையில பிசிறு எடுக்கல" என்றார்.

1851இல் லண்டன் பொருட்காட்சி நேரத்தில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் செய்ததை இங்கே பலரும் படித்திருப்பீர்கள். சப் என்ற ஆங்கிலக் கம்பெனியின் பூட்டில் லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டே சிக்கி உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும். ஹாப்ஸ் அந்தக் காட்டிக்கொடுக்கும் அமைப்பையே தனக்கு ஒரு துப்பாக மாற்றிக்கொண்டார். பிராமா என்ற இன்னொரு கம்பெனியின் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலப் பணம்) பரிசு அறிவித்து, பூட்டைக் கடை ஜன்னலில் வைத்திருந்தார்கள். அதைத் திறக்க ஹாப்ஸுக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் ஆனது. பூட்டோடு பொருத்திக்கொள்கிற மாதிரி தனிக் கருவிகள் செய்துதான் அந்த வேலை. லீவர் பூட்டில் பத்து நிமிடத்தில் கோபப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லுவேன்.

திருச்சி, கல்லூரி மாணவர்

ஒரு சந்தேகம். ஆன்லைனில் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் பயிற்சிப் பூட்டு விற்கிறார்கள். அதில் எல்லாம் சுலபமாகத் திறக்கிறது, கடைப் பூட்டில் ஒன்றும் நடக்கவில்லை. என் பிக் தடிமனா, கையா?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மதுரைக்காரர்

தம்பி, அக்ரிலிக் பூட்டைத் தூக்கி அலமாரியில் வையுங்கள். அதில் துளைகள் அவ்வளவு லொடலொடப்பு, எப்படித் தூக்கினாலும் உட்காரும். பழைய பித்தளை சிலிண்டரைப் பிரித்து ஒரே ஒரு பின் மட்டும் போட்டுப் பழகுங்கள், கை பழகியதும் இரண்டு. இங்கே இதை விளையாட்டாக நடத்துகிற சங்கம் 1997இல் ஹாம்பர்க்கில் தொடங்கியது. எங்கள் ஊரிலும் சிலர் மாலையில் கூடுவோம். மேசையில் வைஸ், அதில் பூட்டு, பக்கத்தில் பீர். அவ்வளவுதான் விளையாட்டு.

இந்த ஊர்க் கதவு சிலிண்டர்களின் துவாரம் பாம்பு மாதிரி வளைந்து குறுகியிருக்கும். ஆக்சா பிளேடு பிக் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும், 0.4 மி.மீ. வரை இறங்க வேண்டியிருக்கிறது. அதோடு உள்ளே ஸ்பூல் பின்னும் இருக்கும். இடுப்பு ஒடுங்கிய பின் அது. உருளை திறந்துவிட்டது போலக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பி நின்றுவிடும். அப்போது ரெஞ்சை இன்னும் அழுத்தினால் காரியம் கெட்டது. விரலைத் தளர்த்தி, பின்னைத் தூக்கும்போது உருளை எதிர்ப்பக்கம் நழுவுவதற்கு விட வேண்டும். கோவை அண்ணன் சொன்ன கச்சித ரெஞ்சின் அருமை இங்கேதான் தெரியும்.

இன்னொன்று. உங்கள் பூட்டில் மட்டும் கை வையுங்கள், அதுவும் வீட்டுக் கதவில் மாட்டியிருக்கிற பூட்டில் வேண்டாம். ஸ்பிரிங் நசுங்கினால் ராத்திரி வெளியில்தான் படுக்க வேண்டும். பயணத்தில் பிக் எடுத்துப் போகிறவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஜப்பானில் தக்க காரணமில்லாமல் இவற்றை வைத்திருப்பதே 2003 சட்டப்படி குற்றம்.

கோவை, டூல் ரூம் வேலை

திருச்சித் தம்பிக்கு: ரெஞ்சை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று பாருங்கள். விரல் நகம் வெளுத்தால் அதிகம். அதையும் மீறித் திறக்கவில்லையென்றால் சாவியையும் துவாரத்தையும் நேராகப் படம் எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். தடிமனா கையா என்று பார்த்துச் சொல்லலாம்.