கோழி நூடில்ஸ் சூப்: நாலு நாளைக்கு வைத்துச் சாப்பிட என்ன வழி?

கேள்வி: சமையல்கட்டு (வெள்ளவத்தை)

வணக்கம். ஞாயிறு பின்னேரம் முழுக்கோழி ஒன்றில் பெரிய சட்டி சூப் வைத்து, புதன் வரைக்கும் பிள்ளைகளுக்கு இரவில் கொடுக்க வேணும். இரண்டு பிரச்சினை. அடுத்த நாளே நூடில்ஸ் ஊதிக் கூழாகி, சட்டியில் சாறே மிஞ்சுவதில்லை. மற்றது, ஆறட்டும் என்று இரவு அடுப்பிலேயே மூடி வைத்தால் காலையில் லேசான புளிச்ச மணம். திரும்பக் கொதிக்க வைத்தால் போதுமா? அளவுகளோடு சொல்லுங்கோ.

பதில் 1: உள்ளியும் மிளகும்

முதலில் சாறு. ஒன்றேகால் கிலோ கோழிக்கு இரண்டரை லீற்றர் பச்சைத்தண்ணி. தோல், எலும்பு எல்லாத்தோடும் போடுங்கோ. சாறு கெட்டியாக நாக்கில் நிற்பது அவற்றால்தான். பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளி 6 பல்லு, விரல் நீள இஞ்சி, முழு மிளகு ஒரு தேக்கரண்டி, லீக்ஸின் பச்சை இலைகள். லீக்ஸ் மடிப்புக்குள் மண் இருக்கும், பிளந்து கழுவுங்கோ. ரம்பை வேண்டாம், கறி மணம் வந்துவிடும்.

கொதி வந்ததும் நுரையை அள்ளிவிட்டு, ஓரத்தில் மட்டும் குமிழி வருமளவுக்குத் தீயைக் குறையுங்கோ. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கிப் போகும். 40 நிமிடத்தில் கோழியை எடுத்து, சதையைப் பிய்த்து வைத்துவிட்டு எலும்பை மட்டும் திரும்பப் போட்டு இன்னும் ஒரு மணித்தியாலம் விடுங்கோ. நெஞ்சுச் சதையை முழு நேரமும் விட்டால் சக்கைதான். வடித்த பிறகு கரட் 2, செலரி 2 தண்டு, லீக்ஸின் வெள்ளைப் பகுதி போட்டு 8 நிமிடம். உப்பு கடைசியில், சாறு வற்றும்போது முதலில் போட்ட உப்பு கூடிப்போகும். தேசிக்காய் கோப்பையில்தான், சட்டியில் பிழிந்தால் சூடாக்கச் சூடாக்கக் கசக்கும்.

பதில் 2: கொட்டாஞ்சேனைக் கடைக்காரன்

நூடில்ஸை சூப்போடு சேர்த்து வைக்கவே கூடாது. வெந்த பிறகும் மா சாற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும், பிரிட்ஜுக்குள்ளும் நிற்காது. தனியாக உப்புத்தண்ணியில் அவியுங்கள், ஆளுக்கு 50 கிராம் காய்ந்தது போதும். நூடில்ஸ் பைக்கட்டில் எழுதியிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னரே வடித்து, குளிர்ந்த தண்ணியில் அலசி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிரட்டித் தனிப் பெட்டியில் பிரிட்ஜில் வையுங்கள். பரிமாறும்போது கோப்பையில் போட்டு மேலே கொதிக்கும் சாறு. பொரித்து வரும் உடனடி நூடில்ஸ் என்றால் வைக்கவே வேண்டாம், அந்த நேரம் அவித்தால்தான் சரி.

பதில் 3: ஆறின சட்டி

தங்கச்சி, புளிச்ச மணம் வந்த சூப்பைக் கொட்டிவிடுங்கோ. கொதியைத் தாங்கும் கிருமி வித்துகள் உண்டு. சூப் மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். சில கிருமிகள் விடும் நஞ்சும் கொதித்தாலும் அழியாது.

சமைத்த உணவு 60 பாகையிலிருந்து 21 பாகைக்கு 2 மணித்தியாலத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 பாகைக்கு அடுத்த 4 மணித்தியாலத்தில். எங்கட கொழும்புக் குசினி இரவிலும் 26, 27 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. அடுப்பில் விட்ட சட்டி விடிய விடிய இருந்தாலும் 21ஐத் தொடாது. பழுதாவது அங்கேதான்.

ஒரு பெரிய பேசினில் தண்ணியும் ஐஸும் போட்டுச் சட்டியை இறக்குங்கோ. வெளித்தண்ணி உள்ளே சூப் நிற்கும் மட்டத்துக்கு வரவேணும். அகப்பையால் துழாவிக்கொண்டே இருங்கோ, ஐஸ் கரைந்தால் மாற்றுங்கோ. பைப் தண்ணி மட்டும் போதாது, பகலில் மொட்டைமாடித் தாங்கித் தண்ணியே வெதுவெதுப்பாகத்தான் வரும். கை பொறுக்குமளவுக்கு ஆறினதும் அகலப் பெட்டிகளில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றி, மூடியைச் சற்றுத் திறந்தபடி பிரிட்ஜில் வைத்து, குளிர்ந்ததும் இறுக மூடுங்கோ.

பிரிட்ஜில் 3, 4 நாள். பிரீசரில் 2, 3 மாதம் ருசி குறையாது. நூடில்ஸும் உருளைக்கிழங்கும் இல்லாமல், உறையும்போது விரியும் என்பதால் மேலே 2 விரல் இடம் விட்டு. காலையில் ஜெலி மாதிரி கட்டியிருந்தால் பயப்படாதேங்கோ, அது எலும்பின் சத்து இறங்கின நல்ல சாறு. தேவையானதை மட்டும் எடுத்து முழுதும் கொதிக்க விடுங்கோ, மிச்சத்தைத் திரும்பத் திரும்பச் சூடாக்கக் கூடாது.

சமையல்கட்டு: நன்றி அக்கா. கரண்ட் போனால்?

ஆறின சட்டி: கதவைத் திறக்காவிட்டால் பிரிட்ஜ் 4 மணித்தியாலம் தாங்கும். பிரீசர் நிறைய இருந்தால் 48, பாதி என்றால் 24. உள்ளே ஐஸ் துகள் இன்னும் இருந்தால் திரும்ப உறைய விடலாம். பிரிட்ஜில் இருந்தது 4 மணித்தியாலம் தாண்டினால், மணம் நல்லாக இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.