ஒருங்கிணைப்பா, ஒருங்கியக்கமா?

அன்புடையீர், வணக்கம்.

நம் மொரீஷியஸ் ஆசிரியர்களுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் பேரிடர்ப் பகுதியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘தேசியப் பொதுச் சுகாதார அவசரநிலை ஒருங்கிணைப்புக் குழு’ என்ற இடத்தில் நான்கு நாளாக நிற்கிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ‘ஒருங்கிணைப்பு’தான் உறுத்துகிறது.

இந்த ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம் என்னும்போது பலவற்றை ஒன்றாக்குதல் என்று பொருள். விழா ஒருங்கிணைப்பாளர் என்னும்போது, அவரவர் வேலையை அவரவர் செய்ய, நேரமும் வரிசையும் பிசகாமல் பார்த்துக்கொள்பவர். நோய் பரவும் நேரத்தில் கூடும் குழுவின் வேலை இந்த இரண்டாவது வகை. அது எந்தத் துறையையும் இன்னொன்றோடு சேர்த்துக் கட்டுவதில்லை.

2020ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 18 அன்று மொரீஷியஸில் முதல் மூன்று கொரோனா நோயாளிகள். 20ஆம் தேதி முடக்கம். பிறகு கடைகளும் மூடப்பட்டு, ஏப்ரல் 2இல் மீண்டும் திறந்தபோது, குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி முறை வைத்தார்கள். ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும். ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும். மற்றவர்களுக்குப் புதனும் சனியும். என் அத்தையின் குடும்பப் பெயர் ‘வி’யில் தொடங்கும். புதன்கிழமை காலை ஒரு கையில் துணிப்பை, மறு கையில் அடையாள அட்டையோடு ரோஸ் ஹில்லில் வரிசையில் நின்றார். அட்டையைப் பார்த்தவர் ஒருவர், சரக்கை அடுக்கியவர் இன்னொருவர், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று வகுத்தது சுகாதாரத் துறை. யாரும் யாரோடும் இணையவில்லை. ஆனால் ஒன்றாக இயங்கினார்கள்.

ஆகவே ‘ஒருங்கியக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். துறைகள் ஒருங்கியங்கின என்று வினையாகவும் வரும். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

*

ஐயா, வணக்கம்.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இலக்கணம் பேச எனக்குத் தகுதியில்லை; வேலையைப் பற்றிப் பேசலாம்.

1973இல் மலேரியா ஒழிந்த நாடு என்று மொரீஷியஸ் சான்று பெற்றது. இரண்டே ஆண்டில் ஜெர்வேஸ் சூறாவளி அடித்தது. அதன் பிறகு மலேரியா உள்ளூரிலேயே மீண்டும் பரவியது. அதிலிருந்து கற்றதைத்தான் இன்றும் செய்கிறோம். மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்து இறங்கும் பயணியின் முகவரி விமான நிலையத்திலேயே குறித்துக்கொள்ளப்படுகிறது. பிறகு சுகாதார ஊழியர் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறார். அந்தச் சொட்டைத் தடவிய கண்ணாடிச் சில்லு ஆய்வகத்துக்குப் போகிறது. குறிப்பு ஒரு நாள் தாமதித்தால் பயணி வேறு ஊருக்குப் போயிருப்பார், கொசு அங்கேயே இருக்கும். நீங்கள் சொல்லும் இயக்கம் இதுதான் என்றால் எனக்கு உடன்பாடு.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார விதிகளின்படி, ஐயத்துக்குரிய நிகழ்வை நாடு 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட வேண்டும். மதிப்பிட்ட பின் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் யாராவது முடிவெடுத்தாக வேண்டும். எல்லோரும் சேர்ந்து நடந்தால் போதாது. ‘இப்போது நட’ என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். உங்கள் சொல்லில் அந்தக் குரல் இருக்கிறதா?

*

ஐயா இருவருக்கும் வணக்கம். வடக்கே திரியோலே ஊரிலிருந்து எழுதுகிறேன்.

‘ஒருங்கியக்கக் குழு’ என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். அரசியல் அமைப்பின் பெயர் போலத் தெரிகிறது. விடுதலை இயக்கம், தமிழ் இயக்கம் என்று பழகிய கண்ணுக்கு அப்படித்தான் படும். ‘அவசரநிலை’யிலும் இதே சிக்கல் உண்டு, எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது 1971இல் நம் நாட்டில் அறிவிக்கப்பட்ட அவசரநிலையைத்தான் நினைவூட்டுகிறது. ஒரே தொடரில் இரண்டு அரசியல் வாடை வேண்டாம். மேலும், ‘ஒருங்கிணைப்பாளர்’ எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். அதைப் பிடுங்க முடியாது.

*

அம்மா, ஐயா, இருவருக்கும் நன்றி.

அம்மா சொல்வது சரி. ‘இயக்கம்’ என்ற பெயர்ச்சொல்லில் இயங்குதலும் இயக்குதலும் கலந்துவிடுகின்றன. அரசியலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஐயா கேட்ட கேள்விக்கு விடை இந்த இரட்டை வினையிலேயே இருக்கிறது. ஆடு, ஆட்டு போல இயங்கு, இயக்கு. ‘இப்போது நட’ என்னும் குரல் இயக்குவது. நடக்கும் துறைகள் இயங்குபவை. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுப் பேரிடர்ச் சட்டத்தில் தேசிய அவசரகாலச் செயற்பாட்டுக் கட்டளையகம் தனியே இருக்கிறது. குரலுக்குக் ‘கட்டளையகம்’ என்ற சொல் போதும். குழுவின் பெயரில் கட்டளையைத் திணித்தால் ஒவ்வொரு துறையும் மேலே பார்த்துக் காத்திருக்கும். குழுவில் உட்கார்ந்திருப்பவர்களே அந்தந்தத் துறையின் ஆட்கள்தாமே.

ஆகவே வினைத்தொகையாக்கி ‘ஒருங்கியங்கு குழு’ என்று வைக்கலாமா? கணினித் தமிழில் ‘இயங்குதளம்’ ஏற்கெனவே பழகிவிட்டது. முக்காலமும் அடங்கும், நோய் வருமுன் கூடுவது, வந்தபோது கூடுவது, தணிந்தபின் கூடுவது எல்லாம் அதே குழுதான். விழாக்களில் ‘ஒருங்கிணைப்பாளர்’ அப்படியே இருக்கட்டும்.

பட்டியலில் எடுத்துக்காட்டு வாக்கியமாக இதை எழுதியிருக்கிறேன்: “விமான நிலையமும் சுகாதார ஆய்வாளரும் ஆய்வகமும் ஒருங்கியங்கியதால், பயணியின் இரத்த மாதிரி உரிய நேரத்தில் சோதிக்கப்பட்டது.” ஐயா, வேலையின் வரிசை இதில் பிசகியிருந்தால் திருத்தித் தாருங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.