துவக்கு கிடைக்காத ஊரில் 21 அடியும் ஒன்றரைச் செக்கனும்

டெக்சாஸில் இருக்கும் பெரியம்மாவின் மகன் கதைக்கும்போதெல்லாம், "ஒரு துவக்கு எடுத்து வையன் தம்பி" என்பார். இரவில் வாளோடு வீடுகளுக்கு வரும் கும்பல்களை நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் இங்கே யாழ்ப்பாணத்தில் துவக்கு கடையில் போய் வாங்குகிற சாமான் இல்லை. 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும், அதுவும் லேசில் கிடைக்காது, 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கென்று கொடுத்திருந்தவற்றையே திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது. ஆனால் அதே அண்ணா தன் துவக்குப் பயிற்சி வகுப்பில் கேட்டதாகச் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு உண்மையாகவே பயன்பட்டது. சோல்ட் லேக் சிட்டி பொலிஸ் பயிற்சியாளர் டெனிஸ் டூலர் 1983இல் எழுதியது: கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரைச் செக்கனில் கடந்துவிடுவான், இடுப்பிலிருந்து துவக்கை உருவிச் சுட, பழகிய பொலிஸ்காரனுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் பிடிக்கும். அப்படியென்றால் வாளோடு வருகிறவர்களுக்கு முன்னால் கையில் என்ன இருக்கிறது என்பதைவிட, இடையில் எவ்வளவு தூரம், எத்தனை பூட்டு என்பதுதான் பெரிது.

கொக்குவில் பக்கம் எங்கள் உறவுக்காரர் வீட்டில் நான் நின்ற இரவு இது நேராகவே தெரிந்தது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒழுங்கைக்குள் வந்து கேற்றடியில் நின்று உறுமின. நாய் அதற்கு முன்னமே குரைக்கத் தொடங்கிவிட்டது. ஒருவன் வாளைக் கேற்றுக் கம்பியில் இழுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, காலையில் பார்த்தால் நீலப் பெயின்ட் இரண்டு விரல் அகலத்துக்கு உரிந்து கிடந்தது. மச்சான் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். மாமா அவரை உள்ளே இழுத்து விறாந்தைக் கிறில் கதவைப் பூட்டி, உள் லைட்டுகளை நிறுத்தி வெளி லைட்டுகளை மட்டும் போடச் சொன்னார். அவர்கள் வெளிச்சத்தில், நாங்கள் இருட்டில். நான் பொலிஸின் 119க்கு எடுத்தேன், மாமி பக்கத்து வீடுகளுக்கு எடுத்தார், கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை முழுக்க லைட் எரிந்து யாரோ தகரத்தில் தட்டத் தொடங்கினார்கள். யன்னல் கண்ணாடி ஒன்றைக் கல்லால் உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மச்சான் வெளியே போயிருந்தால் அந்தக் கேற்றுக்கும் அவருக்கும் இடையில் 21 அடிகூட இருந்திருக்காது.

அப்புறம் மனநிலை. ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்க முன்னாள் மரைன் அதிகாரி விழிப்புநிலையை வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார். வெள்ளை என்றால் சுற்றுமுற்றும் பாராமல் இருப்பது, மஞ்சள் என்றால் பதற்றமில்லாமல் கவனித்தபடி இருப்பது, செம்மஞ்சள் என்றால் குறிப்பாக ஒருவன் மேல் சந்தேகம் வந்து, "இவன் இப்படிச் செய்தால் நான் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவெடுப்பது. என் சின்ன மாமி இந்தப் பெயர் எதையும் கேள்விப்பட்டதில்லை. திருநெல்வேலிச் சந்தையிலிருந்து நடந்து வரும்போது, மத்தியான வெயிலில் கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டோடு இரண்டு பேர் பின்னால் மெதுவாக வருவதையும், நம்பர் தகடு மேலே மடிந்திருப்பதையும் கண்டார். இன்னொருக்கால் கிட்ட வந்தால் அந்த மருந்துக் கடைக்குள் ஏறுவேன் என்று நினைத்தாராம். வந்தார்கள், ஏறினார். சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது.

சாமான்களில் நான் காசு செலவழிக்கச் சொல்வது நல்ல ரோச் லைட், கிறில் கதவுக்கு உறுதியான பூட்டு, இரத்தம் நிறுத்தும் பட்டி (tourniquet), அவ்வளவுதான். வாள்வெட்டில் பெரும்பாலும் தடுக்கத் தூக்கிய கைதான் வெட்டுப்படுகிறது. முதலில் துணியால் பலமாக அழுத்துங்கள், நிற்காவிட்டால் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டில் படாமல், பட்டியை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள், ஆஸ்பத்திரியில் அதைக் கட்டாயம் கேட்பார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை.

பொல்லோ அலவாங்கோ எடுக்க வேண்டி வந்தாலும் சட்டத்தை அறிந்திருங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவிலிருந்து தற்காப்பு உரிமை சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் தேவைக்கு மேலே போகக் கூடாது. அவன் திரும்பி ஓடிய பிறகு துரத்திப் போய் அடித்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். இதை வீட்டு இளசுகளுக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கள், கோபத்தில் முதலில் ஓடுவது அவர்கள்தான்.

கரண்ட் போனால் வெளி லைட்டும் போய்விடும், அதனால் கேற்றடிக்கு சோலார் லைட் ஒன்று போடப் பார்க்கிறேன். போட்டிருப்பவர்கள் மார்கழி மழைக்காலத்தில் அது விடியும்வரை எரிகிறதா என்று எழுதுங்கள்.