குமரிக் கடலில் 20 சதவீதம் பச்சை செத்துவிட்டதாம்: எந்தக் கடலில்?

வள்ளம்_குளச்சல்: நேற்று எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கூட்டம். பேச வந்தவர் மைக்கைப் பிடித்து, "கடல் சூடாகிவிட்டது, கடலில் மிதக்கும் நுண்ணிய பச்சைப் பயிரான பிளாங்க்டன் 20 சதவீதம் அழிந்துவிட்டது, அதனால்தான் குமரிக் கடலில் சாளை (மத்தி மீன்) இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். 28 வருடமாக வள்ளத்தில் போகிறேன். ஆனி ஆடியில் தண்ணீர் பச்சையாகி, கையை விட்டால் விறைக்கிற அளவுக்குக் குளிர்ந்து வருகிறதா இல்லையா என்று கரையில் நிற்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அந்த 20 எந்தக் கடலில் அளந்தது? எனக்கு அது தெரியவேண்டும்.

மார்த்தாண்டம்_டீச்சர்: அவர் கதை விடவில்லை அண்ணா. 2016ல் புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழு வெளியிட்ட ஆய்வு அது. அறுபது வருடத்தில் 20 சதவீதம் வரை குறைவு. மேல் தண்ணீர் சூடானால் லேசாகிவிடும், அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீரோடு கலக்காது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் அடியில்தான் கிடக்கிறது. வெயில் மேலே, உரம் கீழே. இரண்டும் சேராவிட்டால் பிளாங்க்டன் எப்படி வளரும்? வயலில் உரம் போடாமல் வெயிலை மட்டும் வைத்து நெல் எடுப்பீர்களா?

வள்ளம்_குளச்சல்: டீச்சர், நெல்லை விடுங்கள். அதே ஆய்வு எந்தக் கடலைச் சொல்கிறது? மேற்கு இந்தியப் பெருங்கடல். சோமாலியாப் பக்கம். குளச்சல் அங்கேயா இருக்கிறது? அப்புறம் "வரை" என்று ஒரு வார்த்தை வருகிறதே, அதைக் கூட்டத்தில் ஏன் விட்டார்கள்? அதிகபட்சம் 20 வரை என்பது வேறு, 20 செத்துவிட்டது என்பது வேறு. நம் கரையில் தென்மேற்குக் காற்று மேல் தண்ணீரைக் கரையை விட்டுத் தள்ளுகிறது, அந்த இடத்துக்கு அடித்தண்ணீர் மேலே வருகிறது. நீங்கள் சொன்ன உரம் முழுக்க அதோடுதான் வருகிறது. ஜூனில் இங்கே தெற்கு முனையில் தொடங்கி அப்படியே வடக்கே கேரளத்துக்குப் போகும். இதை நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை.

தூத்தூர்_ஆழ்கடல்: குளச்சல்காரர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். உமக்குக் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் கடல். நாங்கள் லட்சத்தீவுக்கும் அதைத் தாண்டியும் சுறாவுக்கும் சூரைக்கும் போய் மாதக்கணக்கில் கிடக்கிறோம். அந்த மேற்குக் கடல் எங்களுக்கு நம் கடல் இல்லையா? அங்கே 20 குறைந்தால் தூத்தூர் வீட்டில் அடுப்பு எரியாது. குமரி மாவட்டம் என்றால் குளச்சல் மட்டும் இல்லை வேய்.

வள்ளம்_குளச்சல்: பேச்சை மாற்றாதே மக்கா. நீ எங்கே வேண்டுமானாலும் போ. அவர் சொன்னது "குமரிக் கடலில் சாளை இல்லை". சாளை பிடிக்க லட்சத்தீவுக்கா போகிறாய்? சாளை கரையோர மீன். 20 எந்தக் கடலில் அளந்தது, அதற்குப் பதில் சொல்.

மணக்குடி_மகள்: சாளையைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். அம்மா முப்பது வருடம் தலைச்சுமையாக மீன் விற்றவர். சாளையை அறுத்துக் குடலைப் பிதுக்கினால் பச்சையும் தவிட்டு நிறமுமாக ஒரு விழுது வரும், விரலில் தேய்த்தால் நைசாக ஒட்டும். பிளாங்க்டன்தான் அது. கொழுத்த ஆண்டில் குடல் முழுக்க நிறைந்திருக்கும், வயிற்றுப்பக்கம் எண்ணெய் கையெல்லாம் வழியும். ஃப்ரஜிலேரியா ஓசியானிகா என்கிற ஒரு டயட்டம், அதுவும் ஒரு வகை பிளாங்க்டன்தான், கடலில் பெருகினால் சாளை பெருகும் என்று 1955லேயே நம் நாட்டு விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். சில வருடம் அம்மா சாளையை அறுத்துவிட்டு, "வெறும் வயிறுடி இது" என்பார். அது குமரிக் கடல் சாளைதான், சோமாலியா சாளை இல்லை.

மார்த்தாண்டம்_டீச்சர்: இதைத்தான் சொல்கிறேன். கேரளத்தில் 2012ல் சாளை 3.9 லட்சம் டன். 2021ல் 3 ஆயிரத்துச் சொச்சம் டன். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வள்ளம்_குளச்சல்: மறு வருடத்தையும் சொல்லுங்கள் டீச்சர். 2022ல் லட்சம் டன்னைத் தாண்டியதே, அது ஏன் உங்கள் நோட்டில் இல்லை? பிளாங்க்டன் அறுபது வருடமாகச் செத்துக்கொண்டே வந்தால், ஒரே வருடத்தில் இத்தனை சாளை எதைத் தின்று வந்தது? பசிபிக் கடல் சூடாகிற எல் நினோ வருடத்தில் சாளை ஒதுங்கும், பிறகு வரும். என் அப்பா காலத்திலும் வராத வருடம் உண்டு. கரையில் நின்று கரமடி வலை இழுத்தவர்கள் வெறும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்போது யாரும் 20 என்று சொல்லவில்லை.

நாகர்கோவில்_மாணவன்: அண்ணாச்சி, ஒரு விஷயம். கடலின் நிறத்தைச் செயற்கைக்கோள் தொடர்ச்சியாகப் பார்ப்பது 1997க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய வருடங்களைக் கணினி மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அது தப்பில்லை, உலகமெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது பச்சையத்தை. வெயில் கூடினால் ஒரே செல் பச்சையத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆள் சாகாமலேயே நிறம் வெளுக்கும். பச்சையத்தைத்தான் நாம் பிளாங்க்டன் என்று சொல்கிறோமா, முதலில் அதைப் பேசலாமே.

வள்ளம்_குளச்சல்: பார்த்தீர்களா! கணினியாம்! தம்பியே சொல்லிவிட்டான். அப்புறம் இதையும் கேளுங்கள்: செயற்கைக்கோளால் மேகத்துக்குள் பார்க்க முடியாது. ஜூன், ஜூலையில் குமரிக்கு மேல் எத்தனை நாள் மேகம் இல்லாமல் இருக்கிறது? நம் கடல் பச்சையாகிற அதே மாதத்தில் அதற்குக் கண் தெரியாது. மீன் எங்கே கிடைக்கும் என்று ஹைதராபாத்தில் இருந்து வருகிற மீன்பிடி மண்டல அறிவிப்பும் மேகம் மூடினால் வருவதில்லை. கண் மூடிய கடலில் 20ஐ எப்படி எண்ணினார்கள்?

நாகர்கோவில்_மாணவன்: நான் அப்படிச் சொல்லவில்லை அண்ணாச்சி. முழுசாகப் படியுங்கள்.

மார்த்தாண்டம்_டீச்சர்: சொல்லாததையும் சேர்த்துக்கொள்வதுதான் அவர் பழக்கம். போன முறை கடல் இரவில் நீலமாக மின்னியதற்கு நாக்டிலூக்கா என்கிற ஒளிரும் நுண்ணுயிர் என்று விளக்கினேன், துறைமுக விளக்கு என்று மூன்று நாள் வாதாடினார். எனக்கு மறக்கவில்லை. நாம் மூச்சுவிடுகிற ஆக்சிஜனில் பாதியைக் கொடுப்பது இந்த பிளாங்க்டன். இதையும் சோமாலியாவுக்குத் தள்ளிவிடுவீர்களா?

நாகர்கோவில்_மாணவன்: டீச்சர், மன்னிக்கவும். உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி கடலில் உண்டாகிறது, சரி. ஆனால் பெரும்பகுதியைக் கடலில் இருக்கிற உயிர்களே எடுத்துக்கொள்கின்றன. நாம் மூச்சுவிடுகிற 21 சதவீதம் கோடிக்கணக்கான வருடங்களாகச் சேர்ந்தது.

மார்த்தாண்டம்_டீச்சர்: தம்பி, நீ யார் பக்கம்?

மணக்குடி_மகள்: விசைப்படகுகள் பொடிமீனை வாரிக்கொண்டு போனதை யாருமே பேசவில்லை. மேற்கே விசைப்படகு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சாளை முட்டையிடுகிற பருவம் அதோடு முடிந்துவிடுகிறதா? ஆகஸ்ட் பிறந்ததும் மடியை (இழுவலையை)ப் போட்டுக் குஞ்சையெல்லாம் கோழித்தீவனத்துக்கு அள்ளினால் பிளாங்க்டன் இருந்தும் என்ன?

தூத்தூர்_ஆழ்கடல்: மடி யாருடையது? குளச்சலில் எத்தனை விசைப்படகு நிற்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

வள்ளம்_குளச்சல்: என் வள்ளத்தில் மடி கிடையாது. வந்து பார். எங்கள் ஊர் படகை எண்ணுகிறவன் முதலில் உங்கள் ஊர் படகை எண்ணட்டும். கிழக்கே சின்னமுட்டத்தில் தடை ஏப்ரல் 15ல் தொடங்குகிறது, மேற்கே ஜூனில். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடை. ஏனென்றால் இங்கே இரண்டு கடல். தடை போட்டவர்களுக்கே தெரிகிறது, கூட்டத்தில் பேச வந்தவருக்குத் தெரியவில்லை. ஒரு மாவட்டத்துக்கே ஒரே கடல் இல்லை என்றால், சோமாலியாவின் 20ஐ என் கடலில் எப்படி ஒட்டுவாய்?

தூத்தூர்_ஆழ்கடல்: என் கடல், என் கடல் என்கிறீர். 2017ல் ஒக்கிப் புயலில் எங்கள் ஆட்கள் போனது கரையோரத்திலா? அந்த மேற்கில்தான். இன்னும் உடல் வராத வீடு எங்கள் தெருவில் இருக்கிறது. அதை நம் கடல் இல்லை என்று சொல்ல உமக்கு யார் உரிமை தந்தது?

வள்ளம்_குளச்சல்: ஒக்கியை இதில் இழுக்காதே. அழுதது நீங்கள் மட்டும் இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி, காலையிலிருந்து ஒருவரும் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரைபடத்தோடு வரச் சொல்லுங்கள் டீச்சர். குளச்சல் எங்கே, 20 எங்கே என்று விரல் வைத்துக் காட்டட்டும்.

மார்த்தாண்டம்_டீச்சர்: வரைபடம் நானே கொண்டு வருகிறேன். தூத்தூரையும் அதில் குறித்துத்தான் கொண்டு வருவேன்.

வள்ளம்_குளச்சல்: குறியுங்கள். 20 எந்தக் கடலில் என்பதையும் குறியுங்கள்.